பட்டாம்பூச்சியும் பேட்டைச் சரித்திரமும்

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. நியாயஸ்தலங்களில் சாட்சிகளை விசாரித்துப் பல ஆண்டுகள் கழித்த நமக்கு இதன் அருமை மற்றவரினும் சற்று அதிகமாகவே தெரியும். பொய் சொல்லவேண்டும் என்றே கூண்டேறும் சாட்சிகள் சிலரே. தாம் கண்டது இன்னது, பிறர் சொல்லக் கேட்டது இன்னது என்று பிரித்தறியாமல், இரண்டையும் ஒன்றாய்க் குழைத்து, அதனையே உண்மையென்று நம்பிச் சொல்லும் சாட்சிகளே பலர். இவர்களில் எழுத்தறியாதார் மட்டுமல்லர். பட்டம் பெற்றோரும் உளர். இக்குறையை நீக்குதற்குரிய இடம் நியாயஸ்தலம் அன்று, ஆரம்பப் பாடசாலையே என்பதும், அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை என்பதுமே இன்று நாம் வாசகர்களுக்கு விண்ணப்பிக்க விரும்பும் விஷயம்.

கடலூர் ஜில்லாவில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை என்னும் பேரூர் உள்ளது. இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர். முந்திரித் தோப்புகளும் புன்செய்க் காடுகளும் சூழ்ந்த பிரதேசம். அருகிலுள்ள விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. நாம் சொல்லப் புகுந்ததை இந்த ஒரு பேட்டையை முன்வைத்தே சொல்வோம். ஓர் ஊருக்குப் பொருந்துவது தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும் அன்றோ?

சிறுவர்கள் தாமே ஒரு காரியத்தைச் செய்து கற்கவேண்டும் என்னும் கொள்கை இக்காலத்தில் எல்லாப் பள்ளிகளிலும் ஏற்கப்பட்டுள்ளது. 'செயல்திட்டம்' என்று அதற்குப் பெயரும் இட்டிருக்கின்றனர். ஆனால் பல இடங்களில் நடப்பது யாது? நாளைக் காலை பட்டாம்பூச்சியைப் பற்றிய செயல்திட்டம் ஒப்படைக்கவேண்டுமென்று பிள்ளை இன்று இரவு வந்து சொல்கிறான். தகப்பனார் கடைக்கு ஓடிப் படம் வாங்குகிறார். தாயார் பசை தடவி ஒட்டுகிறார். கணினிக் கடைக்காரர் இரண்டு பக்கம் அச்சிட்டுத் தருகிறார். பிள்ளை உறங்கிவிடுகிறான். மறுநாள் அவனுக்கு மதிப்பெண் கிடைக்கிறது. அவன் பள்ளிக்குப் போகும் வழியில் வேலியோரத்து எருக்கஞ்செடியில் உயிருள்ள பட்டாம்பூச்சி முட்டையிட்டுக் கொண்டிருந்ததை மட்டும் ஒருவரும் அவனுக்குக் காட்டவில்லை.

2019-ம் ஆண்டில் நம் சர்க்கார் 'தமிழ் மறவன்' என்னும் பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தனர். நல்ல காரியமே. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. மங்கலம்பேட்டைச் சிறுவன் அதன் பெயரை மனனம் செய்து பரீட்சையில் எழுதலாம். கண்ணால் காண்பது அரிது. எருக்கஞ்செடியில் பிறந்து எருக்கஞ்செடியில் வளரும் 'வெந்தய வரியன்' அவன் வீட்டு வாசலிலேயே பறக்கிறது. அதன் பெயர் அவனுக்குத் தெரியாது. தூரத்துப் பொருளைப் பெயரளவில் அறிந்து, அருகிலுள்ள பொருளைக் காணாதிருக்கும் இந்நிலையே நமது கல்வியின் நெடுநாளைய நோய்.

அந்த வெந்தய வரியனையே முதற் பாடமாகக் கொள்வோம். தாய்ப்பூச்சி எருக்கிலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டையிடும். சில நாட்களில் வெளிவரும் புழு கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்டது. அதன் முதுகில் மூன்று ஜோடிக் கரிய கொம்புகள் போன்ற இழைகள் இருக்கும். ஆடு கூடத் தின்னத் தயங்கும் எருக்கிலையைத் தின்று, அதன் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், பறவைகள் இதனைத் தீண்டுவதில்லை. பின்பு இலையிலோ காம்பிலோ தலைகீழாய்த் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். முட்டை பூச்சியாவதற்கு ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்கள் செல்லும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் இதனை நாள்தோறும் பார்த்து, நீளத்தை அளந்து, தேதியிட்டு எழுதி, படம் வரைவார்களானால், கணக்கும் தமிழும் சித்திரமும் இயற்கைப் பாடமும் ஒரே செடியின் கீழ்க் கிடைக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு என்பதை மட்டும் உபாத்தியாயர் முன்கூட்டி எச்சரித்து, இலையைத் தாமே பறித்துத் தரவேண்டும். பூச்சியைக் கொன்று ஊசி குத்தி வைத்தல் கூடாது. சிறகு உலர்ந்ததும் பறக்க விடுவதே அப்பாடத்தின் கடைசி நாள்.

கண்ணால் காண்பதே போதுமோ எனின், போதாது. அதனைக் கற்பிக்கவும் பட்டாம்பூச்சியே உபாத்தியாயராகும். ஆடுதின்னாப்பாளை என்னும் கொடியைத் தின்று வளரும் 'ரோஜா அழகி' பறவைகளுக்கு ஆகாத நஞ்சுடையது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் 'கறிவேப்பிலை அழகி'க்கு அந்நஞ்சு இல்லை. ஆயினும் இவ்வினத்துப் பெண் பூச்சிகளிற் பல ரோஜா அழகியின் வேஷத்தையே பூண்டு பறக்கின்றன. பறவை ஏமாறுகிறது, மனிதனும் ஏமாறுகிறான். சிறுவன் எப்படிக் கண்டுபிடிப்பது? உடலைப் பார்க்கவேண்டும். ரோஜா அழகியின் உடல் சிவப்பு. வேஷக்காரியின் உடல் கறுப்பு. சிறகின் அழகிலே மயங்காமல் உடலைக் கூர்ந்து நோக்கும் பிள்ளைக்கே உண்மை புலப்படும்.

இதில் ஏமாந்தவர் சிறுவர் மட்டுமல்லர். இப்பெண் பூச்சிகள் ஒன்றற்கொன்று வேறான உருவங்களில் இருப்பது கண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பண்டிதர்கள் அவற்றைத் தனித்தனி இனங்களாக எண்ணிப் பெயரிட்டனர். அவை ஒரே இனத்தின் பெண்களே என்று ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். இலங்கையில் பிரையர் என்பவர் அவற்றை முட்டையிலிருந்து தலைமுறை தலைமுறையாய் வளர்த்து, வேஷம் மாறும் விதியை ஆராய்ந்து 1913-ல் வெளியிட்டார். அப்பூச்சி நம் கொல்லைக் கறிவேப்பிலை மரத்துக்கு வருவதே. பண்டிதர் செய்த பரீட்சையின் முதற் படியை, அதாவது முட்டையை எடுத்து வளர்த்து என்ன வெளிவருகிறது என்று பொறுத்திருந்து பார்ப்பதை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம்.

சிறுவர் செய்யும் வேலையால் உலகத்துக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு வரலாறு உண்டு. வட அமெரிக்காவில் வெந்தய வரியனுக்கு நெருங்கிய உறவான 'மோனார்க்' என்னும் பட்டாம்பூச்சி குளிர்காலத்தில் கோடிக்கணக்கில் எங்கோ மறைந்துவிடும். அவை எங்கே போகின்றன என்று கனடா தேசத்து விஞ்ஞானி பிரெட் அர்குஹார்ட் பல்லாண்டு தேடினார். சிறகில் சிறு அடையாளச் சீட்டு ஒட்டிப் பறக்கவிடும் வேலையில் ஆயிரக்கணக்கான பொதுஜனங்களைத் துணைகொண்டார். 1975-ல் மெக்சிகோ நாட்டு மலைக்காட்டில் அவை தங்குமிடம் தெரியவந்தது. 1976 ஜனவரியில் அர்குஹார்ட் அங்கு சென்றபோது, சீட்டு ஒட்டிய ஒரு பூச்சி அவர் கண்ணிற்பட்டது. அதனை ஒட்டியவர்கள் மின்னசோட்டா மாகாணத்துச் சாஸ்கா என்னும் ஊரில் ஒரு பள்ளி உபாத்தியாயரும் அவருடைய மாணாக்கர் இருவருமே! வடக்கிலிருந்து வரும் பூச்சிகளே அம்மலையில் தங்குகின்றன என்பதற்கு அச்சிறு சீட்டு நேர் சாட்சியமாயிற்று.

இனிக் காதால் கேட்பதற்கு வருவோம். அதுவே ஊர்ச் சரித்திரம். நம் தென்னாற்காடு ஜில்லாவின் வரலாற்றை 1878-ல் கார்ஸ்டின் என்னும் ஆங்கில உத்தியோகஸ்தர் ஒரு பெரும் புத்தகமாக எழுதினார். 1906-ல் பிரான்சிஸ் என்பவர் மற்றொன்று எழுதினார். அவர்கள் உழைப்பை நாம் குறைகூறோம். இன்றும் ஆராய்ச்சியாளர் அவற்றைப் புரட்டுகின்றனர். ஆயினும் வரி வாங்க வந்தவர் எழுதிய சரித்திரத்தில் வரி செலுத்தியவரின் குரல் எவ்வளவு கேட்கும்? மங்கலம்பேட்டையில் ஒரு பாட்டி எந்தக் கிணற்றில் நீர் இறைத்தாள், பஞ்ச காலத்தில் என்ன உண்டாள், ஊருக்கு மின்விளக்கு வந்த இரவு எப்படியிருந்தது என்பன எந்தப் புத்தகத்திலும் இரா. அவள் பேரன் கேட்டு எழுதினாலன்றி அவை அவளோடு மறையும்.

கேட்க வேண்டிய வினாக்கள் எத்தனையோ உள. 'பேட்டை' என்பது வணிகரும் சந்தையும் கூடும் இடத்துக்குப் பெயர். நம் பேட்டையில் எவர் கூடினர், எதை விற்றனர்? தாத்தாவின் பழைய பத்திரத்தில் தென்னாற்காடு ஜில்லா என்றும், நம் புத்தகத்தில் கடலூர் ஜில்லா என்றும் இருப்பதேன்? 1993-ல் ஜில்லா பிரிந்த கதை அதில் வெளிப்படும். விருத்தாசலத்துச் சூளைகளுக்குக் களிமண் எங்கிருந்து வருகிறது? 1,200 பாகைக்கு மேல் சுட்டால் மண் ஏன் பீங்கானாகிறது? சூளையில் வேலை செய்யும் தகப்பனாரைக் கேட்ட பிள்ளை, அன்று தகப்பனாரையே ஓர் உபாத்தியாயராகக் காண்கிறான். அத்தகப்பனாரும் தம் தொழிலின் மதிப்பைத் தம் பிள்ளையின் கேள்வியால் உணர்கிறார். இந்து வீட்டுப் பிள்ளை முஸ்லிம் பெரியவரையும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளை இந்துப் பெரியவரையும் தேடிச் சென்று ஊர்க்கதை கேட்குமாயின், அதனால் விளையும் நன்மையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் கேட்டதெல்லாம் சரித்திரம் ஆகிவிடாது. இங்கேதான் விசாரணை வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று விருத்தாசலத்தில் வழங்குவது பக்தி மரபு. அதனை மரபு என்றே பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். அக்கோயிலைக் கற்றளியாக்கியவர் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் என்று நாம் அறிவது வேறு வகை அறிவு. அது கல்வெட்டு ஆராய்ச்சியால் வந்தது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகேயுள்ள சேந்தமங்கலத்தில் ஒரு சோழ மன்னர் சிறையிருந்தார் என்று யாரேனும் சொன்னால், கட்டுக்கதை என்று தள்ளவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராஜராஜ சோழனை அங்கே சிறைவைத்ததையும், போசள மன்னன் நரசிம்மன் தன் சேனாபதிகளை ஏவி மீட்டதையும், கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு கூறுகிறது. அது மீட்டவர் தரப்பு. சிறைவைத்தவன் தரப்பைப் பெருமையோடு பேசும் வயலூர்க் கல்வெட்டும் உண்டு. எதிரிகளான இரு தரப்பாரும் ஒரே சம்பவத்தை ஒப்புக்கொண்டால் வக்கீலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1231-ம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த இவ்வழக்கை நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாதி பிரதிவாதியாய் நின்று நடித்தால், ஆயுள் முழுதும் மறவார்.

இவை கனவல்ல. இராமநாதபுரம் ஜில்லா திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, மாணாக்கர் கல்வெட்டுப் படிக்கப் பழகி, சுற்றுப்புறக் கிராமங்களில் பழம்பொருள்களைக் கண்டு தெரிவித்து வந்திருக்கின்றனர். இன்று உலகறிந்த கீழடியிலும், 1970-களில் கிணறு வெட்டும்போது கிடைத்த பழம்பொருள்களைக் கவனித்துத் தொல்லியலாருக்கு அறிவித்தவர் அங்கிருந்த பள்ளி உபாத்தியாயர் ஒருவரே. அயர்லாந்து தேசத்தின் உதாரணம் இன்னும் பெரிது. ஆங்கில ஆதிக்கத்தினின்று விடுபட்ட சில ஆண்டுகளுக்குள், 1937 முதல் 1939 வரை, அத்தேசத்தின் ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பள்ளிகளில் சுமார் 50,000 சிறுவர் சிறுமியர் தம் வீட்டு முதியோரையும் அண்டை வீட்டாரையும் கேட்டு, ஊர்க்கதை, வைத்தியம், விளையாட்டு, பஞ்சகால நினைவு யாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினர். வாரந்தோறும் எழுதும் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாகவே இவ்வேலை நடந்தது. அந்நோட்டுப் புத்தகங்கள் இன்று டப்ளின் சர்வகலாசாலையில் தேசத்தின் பொக்கிஷமாய்க் காக்கப்படுகின்றன; இணையத்தின் வழியே எவரும் படிக்கலாம்.

அதே 1937-ம் ஆண்டில் நம் தேசத்திலும் ஒரு முயற்சி தொடங்கிற்று. அக்டோபர் மாதம் வார்தாவில் மகாத்மா காந்தி கூட்டிய கல்வி மாநாட்டின் பயனாக ஜாகீர் ஹுசேன் கமிட்டி ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் அதில் முன்னின்று உழைத்தார். கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் ஆகிய மூன்றையும் பற்றியே பாடங்கள் எழவேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர். நாம் இன்று பட்டாம்பூச்சி என்பதும் ஊர்ச் சரித்திரம் என்பதும் அவ்விரு சூழல்களேயன்றி வேறல்ல. பிற்காலத்தில் அத்திட்டம் நூற்பில் தொடங்கி நூற்பிலேயே முடங்கிப் பல இடங்களில் மங்கிற்று. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. பிள்ளை செய்கையாலும் கண்டறிதலாலும் ஆராய்தலாலும் கற்கவேண்டும் என்று அதன் 29-வது பிரிவு விதிக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. சட்டம் குழந்தைக்கு அளித்துள்ள உரிமை.

இதற்கு ஆக்ஷேபங்கள் எழும். முதலாவது, நேரம் இல்லை என்பது. இரண்டு உபாத்தியாயர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளிகளில், பாடத்தோடு பதிவேடுகளும் புள்ளிவிவரங்களும் சேர்ந்து அழுத்துவதை நாம் அறிவோம். அவர்கள் மேல் மற்றொரு பாரத்தை ஏற்றுதல் அநீதி. எனவேதான் அயர்லாந்தில் செய்ததுபோல், இருக்கும் கட்டுரைப் பாடத்தின் இடத்திலேயே இதனை வைக்கவேண்டும் என்கிறோம். மேலதிகாரிகள் வேண்டாத பதிவேடுகளில் சிலவற்றைக் குறைப்பாராக.

இரண்டாவது ஆக்ஷேபம் இன்னும் ஆழமானது. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்னும் திட்டம் வந்தபோது, அது பிள்ளைகளைக் குலத்தொழிலிலேயே கட்டிப்போடும் என்று பெரும் எதிர்ப்பு மூண்டது. 1954-ல் அது கைவிடப்பட்டது. "ஊரையும் பூச்சியையும் காட்டி எங்கள் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்திவிடப் பார்க்கிறீர்களோ?" என்று ஏழைப் பெற்றோர் ஒருவர் நம்மைக் கேட்டால், அவ்வச்சத்தை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். அவருக்கு நம் விடை இது: சூளையைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளை சூளைக்குத் திரும்பவேண்டும் என்பதில்லை. ரசாயன சாஸ்திரத்துக்குப் போகலாம், வைத்தியத்துக்குப் போகலாம், நியாயஸ்தலத்துக்கும் வரலாம். கேள்வி கேட்கும் பழக்கம் எங்கும் செல்லும் சீட்டு. பணக்காரர் பிள்ளைகள் பெருஞ்சம்பளம் கட்டிப் பயிலும் சில பள்ளிகளில் இவ்வகைக் கல்வியையே விரும்பித் தேடுகின்றனர். அது அரசு பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் தாழ்ந்ததாவது எங்ஙனம்?

ஆகவே மங்கலம்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள ஆரம்பப் பாடசாலைகளுக்கு நாம் கூறும் யோசனை எளியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். இடப்பக்கத்தில் 'கண்டது', வலப்பக்கத்தில் 'கேட்டது' என்று தலைப்பிட்டு எழுதட்டும். கண்டதற்குத் தேதியும் இடமும் வேண்டும்; கேட்டதற்குச் சொன்னவர் யார், அவர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்பது வேண்டும். மாதம் ஒருமுறை வகுப்பு கூடி இரு பக்கங்களையும் ஒத்துப் பார்த்து, 'விசாரித்தது' என்று மூன்றாவதாக ஒரு பக்கம் எழுதட்டும். பள்ளி முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு எலுமிச்சைக் கன்றும் நட்டு, மூலையில் ஓர் எருக்கஞ்செடியைக் களை என்று வெட்டாமல் விட்டால் பட்டாம்பூச்சிகள் தாமே வரும். கடையில் வாங்கி ஒட்டிய படத்துக்கு இந்நோட்டுப் புத்தகத்தில் இடமில்லை. பெற்றோர் இதில் எழுதிக் கொடுக்கலாகாது. கேட்டால் பதில் சொல்லலாம். ஆண்டு இறுதியில் நல்ல நோட்டுப் புத்தகங்களைப் பேரூராட்சி நூலகத்தில் வைத்து ஊரார் படிக்கச் செய்தால், தம் தாயின் பெயரும் தம் கிணற்றின் பெயரும் எழுத்தில் இருப்பதைக் கண்டு முதியோர் மகிழ்வர்.

இதில் தாமதம் ஆகாது என்பதற்குக் காரணம் உண்டு. சுதந்திரம் வந்த நாளைக் கண்ணால் கண்டு நினைவில் வைத்திருப்போர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். ஒவ்வொரு ஊரிலும் அவர்கள் சிலரே எஞ்சியிருக்கின்றனர். வேலியோரத்து ஆடுதின்னாப்பாளையும் எருக்கும் மனைக்கட்டுகளாகும் புறம்போக்கோடு போய்க்கொண்டிருக்கின்றன. முதியவர் மறைந்தபின் கேட்பதற்கு இல்லை. செடி மறைந்தபின் காண்பதற்கு இல்லை.

வதந்தி நொடியில் ஊர் சுற்றும் காலம் இது. கையிலுள்ள கருவியில் வந்ததெல்லாம் மெய்யென்று நம்பி, அண்டை வீட்டாரைப் பகைக்கும் வயது வந்தோரை நாம் தினமும் காண்கிறோம். வாக்குரிமை பெற்ற பிரஜை கண்டதையும் கேட்டதையும் பிரித்தறியாவிடில், அவ்வுரிமையால் அவனுக்கும் தேசத்துக்கும் என்ன நன்மை? பத்து வயதில் வேஷக்காரப் பூச்சியின் உடலை உற்றுப் பார்த்து, "இது ரோஜா அழகியன்று" என்று சொல்லப் பழகிய பெண், இருபது வயதில் வேஷக்காரப் பேச்சையும் அவ்வாறே உற்றுப் பார்ப்பாள் என்று நாம் நம்புகிறோம். மங்கலம்பேட்டையின் உபாத்தியாயர்களும் பெற்றோரும் கல்வி அதிகாரிகளும் வரும் பள்ளியாண்டின் முதல் மாதத்திலேயே ஒரு வகுப்பிலாவது இந்நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கிப் பார்ப்பாராக.